ஏ.பி.ஆர்.எஸ்.: வானொலியும் இணையமும் இணைந்து இருப்பிடம் சொன்ன வரலாறு

ஏ.பி.ஆர்.எஸ். எனப்படும் தானியங்கிப் பொதி அறிவிப்பு முறை, உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர்கள் பயன்படுத்தும் ஒரு தரவுத் தொடர்பு முறையாகும். ஒரு நிலையம் தான் இருக்கும் இடம், அங்குள்ள வானிலை, சிறு செய்தி ஆகியவற்றை ஒரு நொடி அளவே நீளும் வானொலிப் பொதியாக அனுப்புகிறது. அருகிலுள்ள எல்லா நிலையங்களும் அதைக் கேட்டு நிலப்படத்தில் குறித்துக்கொள்கின்றன. அவற்றுள் இணைய இணைப்புள்ள நிலையம் ஒன்று இருந்தால், அந்தப் பொதி இணையத்தில் ஏறி உலகெங்கும் தெரியவருகிறது. அத்தகைய நிலையம் இணைய வாயில் எனப்படுகிறது.

தொலைபேசிக் கோபுரங்கள் நிறைந்த இக்காலத்தில் இம்முறை எதற்கு என்ற கேள்வி எழலாம். அந்தக் கோபுரங்கள் ஓய்ந்துபோன நாட்களை டெல்டா மக்கள் அறிவார்கள். ஆகவே இந்த வரலாற்றை அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆபத்தில் எழும் முதல் கேள்வி

1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில், ஊரை அடையும் முன்பே கடல் அலைகளில் சிக்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தொடர்புக் கம்பிகள் அறுந்திருந்தமையால் ரயில் என்ன ஆனது என்ற செய்தி உடனடியாக வெளியுலகை எட்டவில்லை.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தனர். கரையில் நின்ற குடும்பங்கள் கேட்டதும் அதே கேள்விதான்: அவர்கள் எங்கே?

அடுத்த ஆண்டு, 2018 நவம்பர் 16ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்தன, கைப்பேசிகள் மௌனமாயின. இக்கட்டுரையை எழுதும் நான் அப்போது பேராவூரணியில் இருந்தேன். ஏறக்குறைய 25 கி.மீ. தொலைவிலுள்ள பட்டுக்கோட்டையில் என் மகள் குடும்பம் இருந்தது. அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்ற செய்தி மூன்றாம் நாள்தான் வந்தது. மரங்களை வெட்டி வழி செய்துகொண்டு இருசக்கர வாகனத்தில் வந்த உறவினர் ஒருவர் அதைக் கொண்டுவந்தார். அந்த மூன்று நாட்களில் நான் அறிய விரும்பியது ஒரு வரிச் செய்திதான்: இங்கே இருக்கிறோம், நலம். அந்த ஒரு வரியை அனுப்பும் வழியைத் தேடியவர்களின் கதையே ஏ.பி.ஆர்.எஸ். வரலாறு.

அமெச்சூர் வானொலி

வணிக நோக்கமின்றி, கற்கவும் சோதிக்கவும் நட்பு பேணவும் ஆபத்தில் உதவவும் தனியார் நடத்தும் வானொலித் தொடர்பே அமெச்சூர் வானொலியாகும். இதில் ஈடுபடுவோரை ஹாம் என்பது உலக வழக்கம். ஒவ்வொருவருக்கும் தனி அழைப்புக்குறி உண்டு. இந்தியர்களின் குறிகள் பெரும்பாலும் வி.யு. என்ற எழுத்துகளில் தொடங்கும்.

தமிழ்நாட்டில் வானொலியின் தொடக்கமே ஆர்வலர்களால்தான் நிகழ்ந்தது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முதலியோரின் முயற்சியால் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசின் அகில இந்திய வானொலி உருவாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது.

1999 ஒடிசா பெரும்புயல், 2001 குஜராத் நிலநடுக்கம் ஆகியவற்றின்போது இந்திய ஹாம்கள் செய்திப் பணி ஆற்றினர். 2004 டிசம்பரில் ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் குழுவினர், உலக ஹாம்களுடன் பேசும் ஒரு முகாமுக்காக அந்தமானில் போர்ட் பிளேரில் தங்கியிருந்தனர். டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியதும் அந்த முகாம் அவசர நிலையமாக மாறியது. தீவுகளுக்கும் தலைநிலத்துக்கும் இடையே யார் எங்கே இருக்கிறார், நலமா என்ற செய்திகள் அவ்வழியே சென்றன.

அப்பணி பெரும்பாலும் குரல் வழியே நடந்தது. குரலுக்கு ஒரு குறை உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச முடியும். நூறு பேரின் இருப்பிடத்தைக் குரலில் கேட்டு எழுதிக்கொள்ள நெடுநேரம் ஆகும். எழுதி முடிப்பதற்குள் பலர் இடம் மாறியிருப்பார்கள்.

பொதி வானொலி

கணினித் தரவைச் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து வானொலியில் அனுப்பும் வழியை, ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் தலைமையில் உருவான அலோகாநெட் 1971இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தீவுகளில் இருந்த கணினி முனையங்களை இணைப்பதே அதன் நோக்கம். 1978இல் கனடாவின் மொன்றியால் நகர ஹாம்கள் அமெச்சூர் அலைவரிசையில் பொதிகளை அனுப்பிக் காட்டினர். 1980களில் இதற்கென ஏ.எக்ஸ்.25 என்ற பொது விதிமுறை உருவானது. கணினிக்கும் வானொலிப் பெட்டிக்கும் நடுவில் வைக்கும் சிறு மோடம் பெட்டிகளும் பரவலாயின.

அக்காலப் பொதி வானொலி பெரும்பாலும் பதிவுத் தபால் போல இயங்கியது. இரண்டு நிலையங்கள் முதலில் இணைப்பு ஏற்படுத்திக்கொள்ளும். ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகை வரவேண்டும். வராவிட்டால் மீண்டும் அனுப்பவேண்டும். இருவருக்கிடையே நீண்ட கடிதம் அனுப்ப இது ஏற்றது. ஊருக்கே ஒரு செய்தியைச் சொல்ல இது ஏற்றதன்று.

பாப் புருனிங்காவின் மாற்றுவழி

அமெரிக்காவின் அன்னாபொலிஸ் நகரிலுள்ள கடற்படைக் கல்விக்கழகத்தில் பணியாற்றியவர் பாப் புருனிங்கா. 1982இல் ஆப்பிள் கணினி ஒன்றில், கடற்படையின் இருப்பிட அறிவிப்புகளை நிலப்படத்தில் குறிக்கும் நிரல் ஒன்றை அவர் எழுதினார். 1984இல் 100 மைல் குதிரைப் பந்தயம் ஒன்றில் குதிரைகளின் நிலையையும் இடத்தையும் தெரிவிக்க, விக்-20 என்ற மலிவான வீட்டுக் கணினியில் இயங்கும் வடிவத்தை உருவாக்கினார்.

அவர் கண்ட மாற்றம் எளியது. இணைப்பும் வேண்டாம், ஒப்புகையும் வேண்டாம். எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு முறை சொல்லிவிட்டு, சிறிது நேரம் கழித்து மீண்டும் சொன்னால் போதும். நம் ஊர்களில் தமுக்கு அடித்தவர் ஒவ்வொரு வீட்டிலும் கையெழுத்து வாங்கவில்லை. தெருவுக்குத் தெரு நின்று சொன்னார். ஒரு தெருவில் கேட்காதவர் அடுத்த தெருவில் கேட்டுக்கொண்டார். ஏ.பி.ஆர்.எஸ். அடிப்படையும் அதுவே.

1990களின் தொடக்கத்தில் இம்முறை தன் இன்றைய பெயரைப் பெற்றது. புருனிங்காவின் அழைப்புக்குறியின் கடைசி மூன்று எழுத்துகளும் ஏ.பி.ஆர். என்பதே. தொடக்கத்தில் அப்பெயர் தானியங்கி இருப்பிட அறிவிப்பு முறை என்று விரிக்கப்பட்டது. பின்னர் இருப்பிடம் என்பதற்குப் பதிலாகப் பொதி என்ற சொல் இடம்பெற்றது. இது வெறும் பெயர் மாற்றமன்று. வண்டிகளைப் பின்தொடரும் கருவியாக மட்டும் பலர் இதைக் கருதியபோது புருனிங்கா அதை ஏற்கவில்லை. ஓர் ஊரைச் சுற்றி இப்போது என்ன நடக்கிறது என்பதை அங்குள்ள எல்லோரும் உடனே அறிவதே இம்முறையின் பயன் என்று அவர் வலியுறுத்திவந்தார். அவர் 2022 பிப்ரவரியில் காலமானார்.

ஒரு பொதியின் பயணம்

கையிலுள்ள வாக்கி-டாக்கியில் ஜி.பி.எஸ். பெறுவி இருப்பதாகக் கொள்வோம். அது செயற்கைக்கோள்களிடமிருந்து தன் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடுகிறது. ஜி.பி.எஸ். கோள்கள் இடம் அறிய மட்டுமே உதவும். நம் இடத்தை அவை எவருக்கும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் கொள்ளவேண்டும். சொல்லும் வேலை வானொலியுடையது.

பேராவூரணி ஏறக்குறைய வடக்கு 10 பாகை 17 கலை, கிழக்கு 79 பாகை 11 கலை என்ற இடத்தில் உள்ளது. ஏ.பி.ஆர்.எஸ். பொதியில் கலையின் நூறில் ஒரு பங்கு வரை எழுதப்படும். அட்சரேகையில் ஒரு கலை 1,852 மீட்டர். எனவே நூறில் ஒரு பங்கு 18 மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு வீட்டையும் அடுத்த வீட்டையும் வேறுபடுத்த இயலாவிட்டாலும், ஒரு தெருவைக் கண்டறிய இது போதும்.

இந்த எண்களுடன் அழைப்புக்குறியும், கார், வீடு, படகு, ஆம்புலன்ஸ் போன்ற படக்குறியும் சேர்கின்றன. மோடம் இவற்றை 1,200 ஹெர்ட்சு, 2,200 ஹெர்ட்சு ஆகிய இரண்டு ஒலிகளாக மாற்றுகிறது. வேகம் நொடிக்கு 1,200 பிட்டுகள். இன்றைய இணைய வேகத்தோடு ஒப்பிட்டால் இது நத்தை வேகம்; ஆனால் ஒரு வரியைச் சொல்ல ஒரு நொடியே போதுமானது.

அருகில் உயரமான இடத்தில் மறுபரப்பி நிலையம் இருந்தால், அது பொதியைக் கேட்டு அதே அலைவரிசையில் மீண்டும் அனுப்புகிறது. ஒரு பொதி எத்தனை முறை இவ்வாறு தாவலாம் என்பது அதனுள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஒவ்வொரு தாவலிலும் அந்த எண் ஒன்று குறையும். சுழியம் ஆனதும் பொதி நின்றுவிடும். இந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் ஒரே செய்தி முடிவின்றி எதிரொலித்து அலைவரிசையை நிரப்பிவிடும்.

இணைய வாயில்

1990களின் பிற்பகுதியில் ஸ்டீவ் டிம்சி என்ற அமெரிக்க ஹாம், ஏ.பி.ஆர்.எஸ். பொதிகளுக்கென இணைய வழங்கிகளின் வலையமைப்பை உருவாக்கினார். அங்கங்கே உள்ள ஹாம்கள் தம் வானொலிப் பெட்டியைக் கணினி வழியே அதனுடன் இணைத்தனர். இவையே இணைய வாயில்கள். ஒரே பொதியை ஐந்து வாயில்கள் கேட்டு அனுப்பினாலும், வழங்கிகள் ஒரு படியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்கிவிடும். பின்லாந்திலிருந்து நடத்தப்படும் ஏ.பி.ஆர்.எஸ். டாட் எஃப்.ஐ. போன்ற தளங்கள் இந்தப் பொதிகளை உலகப் படத்தில் காட்டுகின்றன. அவற்றைப் பார்க்க உரிமம் தேவையில்லை.

வாயில் இருபுறமும் திறக்கக்கூடியது. தொலைவிலுள்ள ஹாம் அனுப்பும் சிறு செய்தியை இணையத்திலிருந்து பெற்று, தன் அருகில் கேட்கும் நிலையத்துக்கு வானொலியில் சேர்க்கவும் வாயிலால் முடியும்.

புயல் நாளில் இது எவ்வாறு உதவும் என்பதைச் சிந்திக்கவேண்டும். பேராவூரணியில் ஒரு வாயில் இருப்பதாகக் கொள்வோம். கஜா போன்ற புயலில் அந்த ஊரின் மின்சாரமும் இணையமும் போய்விட்டால், அந்த வாயிலும் மூடிக்கொள்ளும். ஆனால் மின்கலத்தில் இயங்கும் மறுபரப்பிகள் வழியே பொதி தாவித் தாவிப் புயல் தொடாத மாவட்டத்தை அடைந்தால், அங்குள்ள வாயில் அதை இணையத்தில் சேர்த்துவிடும். ஆகவே பாதிக்கப்பட்ட ஊருக்கு உதவுவது பெரும்பாலும் அயலூர் வாயிலே. இணையம் இம்முறையின் வேர் அன்று, கிளை மட்டுமே. கிளை முறிந்தாலும், அருகருகே உள்ள நிலையங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருக்கும்.

விண்வெளி மறுபரப்பிகள்

தரையிலுள்ள கம்பங்கள் சாயலாம். வானிலுள்ள நிலையம் சாயாது. 2001 செப்டம்பர் 30ஆம் நாள், புருனிங்காவும் கடற்படைக் கல்விக்கழக மாணவர்களும் உருவாக்கிய பிசிசாட் என்ற சிறு செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கடைகளில் கிடைக்கும் மின்கலங்களையும், தச்சர்கள் பயன்படுத்தும் உலோக அளவு நாடாவாலான அலைவாங்கிகளையும் கொண்டு மாணவர்கள் அதைச் செய்தனர். ஏ.பி.ஆர்.எஸ். பொதிகளைக் கேட்டு மீண்டும் அனுப்புவதே அதன் பணி. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் 145.825 மெகாஹெர்ட்சு அலைவரிசையில் இத்தகைய மறுபரப்பி இயங்கிவருகிறது.

இந்தியாவின் பங்கும் இதில் உண்டு. 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏவுகலம், கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ செயற்கைக்கோளையும் ஏற்றிச் சென்றது. அமெச்சூர் வானொலிக்கென்றே இஸ்ரோ உருவாக்கிய அக்கோள் 2014 வரை ஒன்பது ஆண்டுகள் உழைத்தது. அது முதன்மையாகக் குரலையும் மோர்சு ஒலியையும் கடத்தியது.

ஏ.பி.ஆர்.எஸ். முறைக்கான இந்திய முயற்சி 2019 ஏப்ரல் 1ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று எமிசாட் கோளைச் சுமந்து சென்ற பி.எஸ்.எல்.வி. சி-45 ஏவுகலத்தின் நான்காம் கட்டம், பணி முடிந்ததும் விண்கழிவாக விடப்படவில்லை. சூரியத் தகடுகள் பொருத்தப்பட்ட அக்கட்டம் சுமார் 485 கி.மீ. உயரத்தில் ஓர் ஆய்வு மேடையாக இயங்கியது. அதில் மூன்று கருவிகள் இருந்தன. ஒன்று ஆம்சாட் இந்தியா அமைப்பின் ஏ.பி.ஆர்.எஸ். மறுபரப்பி. மற்றொன்று கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். குறிகளைப் பிடிக்கும் இஸ்ரோவின் பெறுவி. மூன்றாவது, இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் அயனிமண்டல ஆய்வுக் கருவி. கப்பலின் இருப்பிடத்தைக் கேட்கும் காதும், ஆர்வலர்களின் இருப்பிடத்தைக் கேட்கும் காதும் ஒரே மேடையில் சுற்றிவந்தன.

சுமார் 400 கி.மீ. உயரத்திலுள்ள விண்வெளி நிலையத்துக்கு, அதன் நேர்கீழ்ப் புள்ளியிலிருந்து ஏறக்குறைய 2,200 கி.மீ. வரை பூமி தெரியும். அது பேராவூரணிக்கு மேலே வரும்போது மும்பையும் தில்லியும் அதன் பார்வைக்குள் இருக்கும். நம் பகுதியில் மின்சாரமே இல்லாவிட்டாலும், கைக்கருவி அனுப்பும் பொதி விண்வெளி வழியே தொலைநகர வாயிலை அடைய வழியுண்டு. ஆனால் ஒரு கடப்பு அதிகம் போனால் பத்து நிமிடமே நீடிக்கும். ஒரு நாளில் சில கடப்புகளே கிடைக்கும். அந்த நேரம் பார்த்துக் காத்திருக்கவேண்டும்.

டெல்டாவின் சமதளமும் அலையின் எல்லையும்

ஏ.பி.ஆர்.எஸ். பயன்படுத்தும் மீயுயர் அதிர்வெண் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. அவற்றின் எல்லையைக் கணக்கிட எளிய சூத்திரம் உண்டு. அலைவாங்கியின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கி.மீ. கணக்கில் தொலைவு கிடைக்கும்.

கொடைக்கானல் போல 2,000 மீட்டர் உயரத்தில் வைத்தால் எல்லை 180 கி.மீ.க்கு மேல். காவிரிப் படுகையில் மலையில்லை. 25 மீட்டர் கம்பத்தின் எல்லை சுமார் 21 கி.மீ. தரையில் நிற்பவரின் கைக்கருவிக்கு, 1.5 மீட்டர் உயரத்தில், மேலும் 5 கி.மீ. கூட்டினால் மொத்தம் 26 கி.மீ. ஆகிறது. அதாவது பேராவூரணியில் 25 மீட்டர் உயரத்தில் ஒரு மறுபரப்பி இருந்தால், பட்டுக்கோட்டையில் நிற்பவரின் பொதி கணக்கின்படி மட்டும்மட்டாக வந்துசேரும். இடையிலுள்ள தென்னந்தோப்புகள் அலையின் வலிமையைக் குறைக்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் உயரமோ, நடுவில் மற்றொரு நிலையமோ தேவைப்படும். நெல்வயலுக்குச் சமதளம் வரம். வானொலிக்கு அது வரம்பு. மலைநாட்டில் ஒரு நிலையம் செய்யும் வேலைக்கு இங்கு பல நிலையங்கள் கைகோக்கவேண்டும்.

வரம்புகள்

இம்முறையை மிகைப்படுத்தக் கூடாது. அமெச்சூர் உரிமத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த இயலாது. எனவே சேதுபாவாசத்திரம், மல்லிப்பட்டினம் மீனவர்கள் அன்றாடத் தொழிலுக்கு இதை நம்பமுடியாது. அவர்களுக்கென இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து எச்சரிக்கைக் கருவி, கப்பல்களுக்கான ஏ.ஐ.எஸ். முதலிய வேறு முறைகள் உள்ளன.

அடுத்து, இதில் மறைப்பு இல்லை. அமெச்சூர் வானொலியில் இரகசியக் குறியீடு அனுமதிக்கப்படுவதில்லை. அனுப்பியவரின் இடத்தை உலகில் எவரும் பார்க்கலாம். தம் வீட்டையும் அன்றாடப் போக்குவரத்தையும் வெளியிட விரும்பாதவர் கருவியை அணைத்து வைக்கவேண்டும்.

ஒப்புகை இல்லாமையும் ஒரு குறையே. இரண்டு நிலையங்கள் ஒரே நொடியில் பேசினால் இரண்டும் கெடலாம். திரும்பத் திரும்பச் சொல்வதே அதற்கு மருந்து.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் வேண்டும். நடுவண் அரசின் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த வானொலித் திட்டமிடல் பிரிவு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெறவேண்டும். 12 வயது நிறைந்தவர்கள் இத்தேர்வை எழுதலாம். பள்ளி இயற்பியலில் வரும் மின்சுற்று, அலைநீளம், அதிர்வெண் ஆகியவையும் வானொலி விதிமுறைகளுமே பாடங்கள். பொதுப் பிரிவு, கட்டுப்படுத்தப்பட்ட பிரிவு என உரிமம் இருவகைப்படும்.

நிறைவாக

பந்தயக் குதிரைகளுக்காகத் தொடங்கிய ஒரு சிறு நிரல், நாற்பது ஆண்டுகளில் விண்வெளி வரை சென்றுள்ளது. இந்த வளர்ச்சியை நிறுவனங்கள் மட்டும் நிகழ்த்தவில்லை. தம் வீட்டு மாடியில் ஒரு கம்பம் நட்டு, இரவும் பகலும் அயலாரின் பொதிகளைக் கேட்டு அனுப்பிவரும் தன்னார்வலர்களே இதைத் தாங்கி நிற்கிறார்கள். ஒரு வாயிலை நடத்துபவருக்கு அதனால் வருமானம் இல்லை. எவருடைய செய்தி தன் வழியே சென்றது என்பதுகூடப் பல நேரம் அவருக்குத் தெரியாது.

ஏ.பி.ஆர்.எஸ். நிலப்படத்தை மாணவர்கள் ஒரு முறை திறந்து பார்க்கலாம். நிலையங்கள் உள்ள இடங்களில் குறிகள் தெரியும். கேட்க ஆளில்லாத இடங்கள் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றிடத்தில் பேசுபவர் இல்லை என்று பொருளில்லை, அவரைக் கேட்பவர் இல்லை என்றும் இருக்கலாம். அடுத்த புயல் வரும் நாளை நாம் அறியோம். அதற்கு முன் பேராவூரணிக்கும் பட்டுக்கோட்டைக்கும் இடையில் கேட்கும் காது ஒன்றேனும் இருந்தால், 25 கி.மீ. தொலைவுக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டியதில்லை.